நெற்றி விளக்கை மறந்த மாலை

"அது வெயிலுடி. ஓட்டமும் இல்ல, கீட்டமும் இல்ல."

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அக்கா போனில் சொன்ன வாக்கியம் இது. அன்று பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்திருந்தேன். மூச்சு அடங்குவதற்குள் அவளை அழைத்து ஓட்டத்தின் மகிமையைப் பாட ஆரம்பித்துவிட்டேன். இந்தக் குளிர் நாட்டின் இருட்டில் மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது, தூக்கம் ஒழுங்காக வருகிறது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதில்லை, எல்லாம் இந்த ஓட்டத்தால்தான் என்று ஒரே புராணம். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். பிறகு நிதானமாக, "மூணு மாசமும் நீ ஓடிக்கிட்டுதானே இருந்தே? அப்ப ஏன் பாரம் இறங்கல? இப்ப வெயில் வந்துச்சு, இறங்கிருச்சு. வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் இறங்கியிருக்கும்" என்றாள்.

பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள் அவள். அவளிடம் மடக்கப்பட்டது ஒரு பக்கம் எரிச்சல். அதைவிட எரிச்சல், அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. டிசம்பரில் வாரத்துக்கு நான்கு நாள் ஓடினேன். ஜனவரியிலும் அப்படியே. ஓட்டம் மருந்து என்றால் அந்த இரண்டு மாதமும் அது எங்கே போயிருந்தது? "இல்லக்கா, உனக்குப் புரியாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். புரியாமல் இருந்தது எனக்குத்தான். பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அந்தக் கேள்வி இரண்டு குளிர்காலங்களாக உறுத்திக்கொண்டே இருந்தது.

இருட்டில் ஓடுவது

நான் மாலை ஓட்டக்காரி. வேலை முடிந்து வந்து, உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்று தெரியும் என்பதால் உட்காராமலேயே உடை மாற்றி வெளியே போய்விடுவேன். குளிர்காலத்தில் அது முழுக்க இருட்டு ஓட்டம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டால், முன்னால் நான்கைந்து அடிக்கு ஒரு வெளிச்ச வட்டம் விழும். நான் ஓட ஓட அதுவும் நகரும், ஒருபோதும் எட்டிப் பிடிக்க முடியாது. நான் விடும் மூச்சே ஆவியாகி அந்த ஒளியில் வெள்ளையாக மிதந்து பாதையை மறைக்கும். தரையில் கறுப்பாகப் பளபளப்பது ஈரமா, உறைந்த பனிக்கண்ணாடியா என்று கால் வைத்தால்தான் தெரியும். அதனால் குளிர்காலத்தில் யாரும் உண்மையில் ஓடுவதில்லை, வேகமாகப் பதுங்கிப் போகிறார்கள் என்பேன். அடி குறுகும், தோள் காது வரைக்கும் ஏறிவிடும், பார்வை தரையை விட்டு நகராது.

உடை விஷயத்தில் பழையவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருப்பதாக நினைத்து உடுத்து. கிளம்பும்போது குளிரவில்லை என்றால் நீ அதிகம் போட்டிருக்கிறாய். இது சரியான கணக்கு. ஆனால் கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் அந்த முதல் ஐந்து நிமிடத்துக்கு எந்தக் கணக்கும் உதவாது. திரும்பி வந்த பிறகு கிடைப்பதும் சந்தோஷம் இல்லை. ஒரு காரியத்தை முடித்துவிட்ட நிம்மதி. பாத்திரம் கழுவி முடித்தாலும் அதே நிம்மதி கிடைக்கும்.

இதையெல்லாம் அக்காவிடம் நான் சொன்னதே இல்லை. மார்ச் மாதத்து ஓட்டத்தை மட்டும் காட்டிவிட்டு டிசம்பரை மறைத்துவிட்டேன். வியாபாரி நல்ல மாம்பழத்தை மேலே அடுக்குவது மாதிரிதான்.

வெளிச்சத்தின் பக்கம் பேசினால்

அக்கா கட்சிக்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. தோற்கத்தான் போகிறோம், எப்படித் தோற்கிறோம் என்றாவது பார்ப்போம் என்றுதான் தேடிப் படித்தேன். குளிர்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் விலகிப் போகும் மனச்சோர்வுக்கு 1984இல் மருத்துவ உலகில் பெயர் வைத்து விவரித்தவர்களில் முதன்மையானவர் நார்மன் ரோசன்தால். அவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். வெயிலில் வளர்ந்த உடம்பு குளிர் நாட்டின் முதல் இருட்டில் துவண்டுபோனதைத் தன்னிடமே கவனித்தவர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் 'குளிர்காலம்னா அப்படித்தான்' என்று விட்டுவிட்டதை, வந்தேறி ஒருவர் 'இது ஏன்?' என்று கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சோர்வுக்கு அவர்கள் கொடுத்துப் பார்த்தது மாத்திரையை அல்ல, வெளிச்சத்தை. இன்று வழக்கத்தில் இருக்கும் முறை, காலையில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும் பெட்டிக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்வது.

லக்ஸ் கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. நல்ல வெளிச்சம் என்று நாம் நினைக்கும் அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ்தான். இரவில் வீட்டுக் கூடத்தில் அதைவிடக் குறைவு. வெளியே, மேகம் மூடிய மந்தமான பகலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். பளிச்சென்ற வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். கண் இதற்கெல்லாம் தன்னைச் சரிசெய்துகொள்வதால் வித்தியாசம் இத்தனை மடங்கு என்று நமக்கு உறைப்பதில்லை. ஆனால் கண்ணுக்குள் இன்னொரு கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார். பார்ப்பதற்கான செல்களுக்கு அப்பால், வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் அளந்து மூளையின் கடிகாரத்துக்குத் தகவல் அனுப்பும் செல்கள் விழித்திரையில் இருப்பது 2002 வாக்கில்தான் தெளிவானது. உருவம் அவற்றுக்கு முக்கியம் இல்லை, அளவுதான் முக்கியம். நான் டிசம்பரில் ஓடிய அத்தனை ஓட்டத்திலும் அந்தக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதியிருப்பது: இரவு, இரவு, இரவு.

சரி, அக்கா ஜெயித்துவிட்டாள் என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் ஓட்டத்தின் பக்கமும் சாட்சிகள் உண்டு. ஓடினால் வரும் கிறக்கத்துக்கு, உடம்பே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின்தான் காரணம் என்று நாமெல்லாம் பல காலமாகச் சொல்லிவருகிறோம். 2021இல் வெளிவந்த ஹாம்பர்க் ஆய்வு ஒன்றில் 63 பேருக்கு, அந்த வகைப் பொருள்கள் மூளையில் வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்தையோ வெறும் மாத்திரையையோ கொடுத்து ஓடவிட்டார்கள். மருந்து தின்றவர்களுக்கும் மகிழ்ச்சி குறையவில்லை, பதற்றம் தணிந்தது. ஓட்டத்துக்குப் பிறகு இரத்தத்தில் ஏறியிருந்தது வேறொன்று: கஞ்சாச் செடியின் போதைப்பொருளைப் போலவே வேலை செய்யும், நம் உடம்பே சுரக்கும் பொருள்கள். அவற்றில் ஒன்றை 1992இல் ஜெருசலேமில் கண்டுபிடித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆனந்தம் நம் ஆனந்தமேதான். வடமொழியிலிருந்து எடுத்து வைத்தார்கள். இதைப் படித்த அன்று அக்காவுக்கு உடனே அனுப்பினேன். 'உன் ஒடம்புல கஞ்சா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லட்டுமா?' என்று பதில் வந்தது.

பெஞ்சும் ட்ரெட்மில்லும்

அந்த ஆய்வில் எல்லோரும் ஓடியது ட்ரெட்மில்லில். இதைப் படித்ததும் எனக்கு ஒரு வருடம் ஞாபகத்துக்கு வந்தது. நான்கு வருடங்களுக்கு முந்தைய குளிர்காலம். பனிக்கண்ணாடியில் ஒருமுறை வழுக்கி மணிக்கட்டு வீங்கியதிலிருந்து பயந்துபோய், டிசம்பர் முதல் மார்ச் முடியும் வரை ட்ரெட்மில்லிலேயே ஓடினேன். வசதியான ஓட்டம். ஒரே சூடு, ஒரே வெளிச்சம், முன்னால் ஒரு சுவர். ஓடி முடித்ததும் உடம்பு லேசாகத்தான் இருந்தது. அந்தச் சுரப்பு வேலை செய்யாமல் இல்லை. கால்களும் நன்றாக உறுதிப்பட்டன. ஆனால் நான் ஓட்டத்துக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், தூரத்தையும் நேரத்தையும் எழுதி, பக்கத்தில் தோன்றியதை ஒரு வரி கிறுக்குவது. மற்ற வருடங்களின் மார்ச் பக்கங்களில் கிறுக்கல் வழிகிறது: 'கையுறையைக் கழற்றிப் பையில் போட்டேன்', 'குருவிகளுக்கு என்ன ஆயிற்று, இப்படிக் கத்துகின்றன', ஓரிடத்தில் 'ஆஹா' மட்டும். ட்ரெட்மில் வருடத்து மார்ச்சில் எண்கள் மட்டுமே இருக்கின்றன. அந்த வருடம் வசந்தம் வந்தது எனக்குத் தெரியவே இல்லை. ஏப்ரலில் ஒருநாள் மரங்கள் பச்சையாக இருப்பதைப் பார்த்து, இது எப்போது நடந்தது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அக்கா சொன்ன நாற்காலியையும் சோதித்துப் பார்க்க வேண்டிவந்தது, நானாக விரும்பி அல்ல. இந்த வருடம் ஜனவரியில் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டு ஐந்து வாரம் ஓடக் கூடாது என்றாகிவிட்டது. பிப்ரவரியில் சில நாள் நல்ல வெயில். மதிய இடைவேளையில் வழக்கமாக நான் ஓடும் பாதைக்குப் போய் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். முகத்தில் வெயில் பட்டதும் சுகமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கண்ணை மூடினால் இமைக்குள் சிவப்பு. ஆனால் பத்து நிமிடத்தில் பெஞ்சின் குளிர் தொடை வழியாக ஏற ஆரம்பித்தது. அதற்குள் மனசு, காலையில் ஒருவர் அனுப்பிய மெயிலுக்கு எப்படிப் பதில் எழுதினால் அவருக்கு உறைக்கும் என்று வரிவரியாகச் சமைத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்த உடம்போடு மனசு உட்காருவதில்லை. ஓடும்போது மட்டும் அந்த மெயில் மூன்றாவது கிலோமீட்டரில் எங்கோ விழுந்துவிடுகிறது, எங்கே என்று திரும்பிப் பார்த்தாலும் கிடைக்காது.

ஆக, வெளிச்சம் மட்டும் பெஞ்சில் இருந்தது. ஓட்டம் மட்டும் ட்ரெட்மில்லில் இருந்தது. இரண்டிலும் ஏதோ கிடைத்தது, ஆனால் நான் அக்காவுக்குப் போன் போட்டுப் பிதற்றும் அளவுக்கு இல்லை. ஒருத்தியை வைத்து நடத்திய ஆராய்ச்சிக்கு என்ன மதிப்பு என்று கேட்டால் மதிப்பே இல்லைதான்.

அந்த வளைவு

மார்ச் இரண்டாவது வாரம். கால் சரியாகி மூன்றாவது மாலை ஓட்டம். பயந்து பயந்து, மெதுவாக, ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை என்ற சத்தியத்தோடு கிளம்பினேன். வழக்கம்போல நெற்றியில் விளக்கு. என் பாதையில் ஒரு வளைவு உண்டு. அதுவரை தெருவிளக்கு இருக்கும், அதற்கு அப்பால் மரங்கள். அங்கே வந்ததும் கை தானாக நெற்றிக்குப் போய் பொத்தானை அழுத்தும். வருடக்கணக்கான பழக்கம், யோசனையே தேவைப்படாது.

அன்றும் கை போனது. அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. சார்ஜ் போடவில்லையா என்று இன்னொரு முறை அழுத்தினேன். நின்று கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் அழுத்தில் எரிந்து, இரண்டாவது அழுத்தில் பிரகாசம் கூடியிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை, ஏனென்றால் அது எரிய வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு வெளிச்சம் அங்கே இருந்தது. மரங்களுக்கு நடுவே வானம் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில். பாதை கண்ணுக்கெட்டிய வரை தெரிந்தது. கடைசியாக ஜனவரியில் இங்கே வந்தபோது நான்கைந்து அடிதான் தெரிந்திருந்தது. இந்த மரங்களுக்குப் பின்னால் ஒரு சரிவு இருப்பதும், அதன் அடியில் தண்ணீர் தேங்கி நிற்பதும் நவம்பரில் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான்; நடுவில் இல்லாமல் போயிருந்தன, இப்போது திரும்ப வைக்கப்பட்டிருந்தன.

அங்கேயே நின்றேன். நிற்கும்போதுதான் வாசனை வந்தது. இறுகிக் கிடந்த நிலம் இளகி, மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் காற்றில் ஏறும் வாசனை. ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தால்கூட மனித மூக்கு அதைப் பிடித்துவிடும் என்கிறார்கள். நமக்கு அது முதல் மழையின் வாசனை, மண்வாசனை. மழையே பெய்யாத ஒரு மாலையில், குளிர் விடுகிற நிலத்திலிருந்து அதே வாசனை. தோள்கள் காதைவிட்டுக் கீழே இறங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஜாக்கெட்டின் ஜிப்பைப் பாதி வரை இறக்கினேன். விளக்கை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். சத்தியம் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். ஏழு கிலோமீட்டர்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து ஆறு வருடத்து மார்ச் பக்கங்களையும், கூடவே ஜூன் பக்கங்களையும் புரட்டினேன். இதுவரை ஜூனைப் பார்க்கத் தோன்றியதே இல்லை. வெளிச்சம்தான் மருந்து என்றால், இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் சூரியன் போக மறுக்கும் ஜூனில் நான் கூத்தாடியிருக்க வேண்டும். ஜூன் பக்கங்களில் இருப்பது: 'புழுக்கம்', 'கொசு', 'சுமார்', 'வெயில் தாங்கவில்லை, தாமதமாகக் கிளம்பியிருக்கலாம்'. மார்ச்சைவிட எத்தனையோ மணி நேரம் கூடுதல் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு கொசுவைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

அப்புறம்தான் பள்ளிக்கூடப் புவியியலை இழுத்துவைத்துக் கணக்குப் போட்டேன். பகலின் நீளம் வருடம் முழுவதும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. டிசம்பர் 21 வாக்கில் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் சில நொடிகள்தான் வித்தியாசம். மார்ச் 20 வாக்கில், இரவும் பகலும் சமமாகும் நாளில், அந்த வேகம் உச்சத்தில் இருக்கும். 50 டிகிரி அட்சரேகையில் நாளுக்குக் கிட்டத்தட்ட 4 நிமிடம். 60 டிகிரியில் ஐந்தரை நிமிடம். அதில் ஏறக்குறைய பாதி விடியலுக்கு, பாதி மாலைக்கு. ஒரு வாரம் ஓடாமல் விட்டுப் போய்ப் பார்த்தால் பகல் அரை மணி நேரத்தைப் போல நீண்டிருக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது அதிசயம்தான். 10 டிகிரியில் உச்ச வேகமே நாளுக்கு அரை நிமிடம். தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் இதையெல்லாம் செப்டம்பருக்குத் தள்ளிப் படித்துக்கொள்ளலாம்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: மனசைத் தூக்கியது வெளிச்சத்தின் அளவைவிட, அது ஏறும் வேகம். அந்த ஏற்றத்தை உணர, ஏறுவதற்கு முன் இருந்த இடத்தில் நாமும் நின்றிருக்க வேண்டும். அறைக்குள் டிசம்பரிலும் 300 லக்ஸ்தான், மார்ச்சிலும் 300தான். ட்ரெட்மில் வருடத்தில் எனக்கு வசந்தம் வராமல் போனதற்கு வேறு காரணம் தெரியவில்லை. டிசம்பர் ஓட்டங்கள் பாரத்தை இறக்கவில்லை என்று அக்கா சொன்னது உண்மை. அந்த வளைவில், அந்தச் சரிவு தெரியாமல் நாற்பது முறை பதுங்கிப் போனவளுக்குத்தான் நாற்பத்தோராவது முறை அது தெரிந்தது. இருட்டில் ஓடியதெல்லாம் மருந்து என்பதைவிட, நேரம் தவறாமல் போய் ஒரே இடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தது மாதிரி.

மாலையில் ஓடுகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு, சொல்லிவிடுகிறேன். சூரியன் மிகச் சீக்கிரம் மறையும் நாள் டிசம்பர் 21 அல்ல, அதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே வந்துவிடும். மிகத் தாமதமாக உதிக்கும் நாளோ அதற்குப் பிறகு, டிசம்பர் கடைசியில் அல்லது ஜனவரி தொடக்கத்தில். எனவே மாலைக்காரர்களுக்கு வெளிச்சம் திரும்ப ஆரம்பிக்கும்போது காலைக்காரர்களுக்கு இருட்டு இன்னும் கூடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, மார்ச்சில் பல நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, அவர்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த விடியலை ஒரே ராத்திரியில் பறித்துக்கொள்கிறார்கள். காலையில் ஓடுகிறவர்களை நான் என்றைக்கும் புரிந்துகொண்டதில்லை, மார்ச்சில் பரிதாபப்படுகிறேன்.

வசந்தம் எல்லோரையும் தூக்கிவிடும் என்றும் எழுத மாட்டேன். உள்ளே கனமாக இருப்பவர்களுக்கு ஊரே பூப்பது இன்னும் கொடுமையாக இருக்கலாம். எனக்கு வருவது லேசான குளிர்கால மந்தம். படுக்கையிலிருந்தே எழ முடியாதவரிடம் போய் ஷூவைக் கட்டிக்கொண்டு ஓடு என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அவர் போக வேண்டியது மருத்துவரிடம்.

நம் மொழியில் குளிரின் பின்பாதிக்குப் பின்பனி என்று தனிப் பெயர் இருக்கிறது. முன்பனியில் இரவின் முன்பகுதியிலேயே பனி இறங்கிவிடும். பின்பனியில் அது பின்னிரவுக்குத் தள்ளிப் போகும். குளிர் போய்விடவில்லை, மாலையை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு விடியலுக்கு நகர்ந்துகொண்டது என்று பெயர் வைத்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். அப்படிக் கவனிக்க மாலையும் விடியலும் யாரோ வெளியே இருந்திருக்க வேண்டும். வாடையும் தென்றலும்கூட அதே மாதிரியான சொற்கள்தான். வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு எதிராக மூன்று மாதம் ஓடியவளுக்கு, திரும்பும் வழியில் திடீரென்று முகத்தில் தெற்கிலிருந்து காற்றடித்தால் அந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை.

நேற்று இதையெல்லாம் அக்காவிடம் விளக்கினேன். லக்ஸ், அட்சரேகை, நோட்டு, பெஞ்சு என்று அரை மணி நேரம். வழக்கம்போல முழுவதையும் கேட்டாள்.

"இன்னைக்கு அங்க எத்தன மணிக்கு இருட்டுச்சு?"

"சூரியன் மறைஞ்சது 6.14க்கு."

"நேத்து?"

"6.12."

"ரெண்டு நிமிஷம்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ரெண்டு நிமிஷத்துக்காடி இந்த ஆர்ப்பாட்டம்?"

ஆமாம் என்றேன். அவள் சிரித்தது கேட்டது. போனை வைத்துவிட்டு, ஷூவில் காய்ந்திருந்த சேற்றைத் தட்டப் போனேன்.